மூளையை மாற்றினால் முடக்கம் தீருமா?

பழைய டர்போ காரின் எஞ்சின் கணினியையும் வயரிங்கையும் மொத்தமாகக் கழற்றிவிட்டு, மேப்பை, அதாவது எரிபொருள், டைமிங் அட்டவணைகளை, விருப்பம்போல் மாற்றக்கூடிய தனிக் கணினியை (ஈசியூ) பொருத்தினால் கோளாறும் தீரும், குதிரைத்திறனும் கூடும் என்பது இத்தகைய கார்ப் பிரியர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. சுவீடனின் வோல்வோ 740 டர்போவை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2316 சிசி பி230எஃப்டி எஞ்சின், சுமார் 160 குதிரைத்திறன். 1990 வாக்கில் வந்த கார்களில் எரிபொருளை பாஷ் எல்ஹெச் 2.4 கணினியும் இக்னிஷனை ஈஇசட்கே 116 வகைக் கணினியும் கவனித்துக்கொள்கின்றன.

பழைய கணினி மந்தமானது என்பது முதல் வாதம். கணக்குப் போட்டால் இது நிற்காது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது நொடிக்கு 200 தீப்பொறிகள் வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மில்லிநொடி இருக்கிறது. அந்தக் காலத்து 8 பிட் சிப்புக்கு அதுவே தாராளம். திறனைக் கூட்டுவது எஞ்சினுக்குள் போகும் காற்று. கணினி அதற்கேற்ற பெட்ரோலை அளந்து ஊற்றும் கணக்குப்பிள்ளை மட்டுமே. பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் அழுத்தம், 0.7 பாருக்கு ஏறினால் வெளிக்காற்றைப் போல் 1.7 மடங்கு அழுத்தத்தில் காற்று நுழைகிறது. அதைச் செய்வது டர்போவும் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டும்தான். அளவான மாற்றங்களுக்குப் பழைய பெட்டியில் உள்ள ஈப்ராம் சிப்பை மாற்றினாலே போதும்.

கோளாறெல்லாம் கணினியிலிருந்தே வருகிறது என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு, ஆனால் கணினியைப் பற்றியதல்ல. 1980 முதல் 1987 வரையிலான வோல்வோக்களின் எஞ்சின் ஹார்னஸ் (வயரிங் கட்டு), இன்சுலேஷன் தானே பொடிந்து உதிர்வதற்குப் பேர்போனது. அந்த வண்டிகளில் வயரிங்கை மாற்றியே ஆகவேண்டும். அதற்குப் பின் வந்தவற்றில் குற்றவாளிகள் வேறு: சூட்டில் ஈயப்பற்று விரிசல்விட்ட பெட்ரோல் பம்ப் ரிலே, எஞ்சினுக்குப் பின்புறம் வெந்து காய்ந்த கிராங்க் சென்சார் வயர், இன்டேக் மேனிஃபோல்டில் துருவேறிய எர்த் முனைகள். எஞ்சின் அறையிலுள்ள சோதனைப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் சிறு விளக்கு மூன்று இலக்கக் குறியீட்டை மினுக்கிக் காட்டும். 1-1-1 என்றால் கணினி பதிவு செய்த கோளாறு ஏதுமில்லை. அதைக்கூடப் பார்க்காமல் ஹார்னஸை அறுத்தவர்கள் குறைவில்லை.

மல்டிமீட்டரில் ஓம் பார்த்து வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதும் இதே வகைப் பிழை. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றே மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தையே காட்டும்; பம்ப் கேட்கும் மின்னோட்டம் பாயும்போதுதான் அந்த ஓரிழை திணறும். ஆகவே எர்த் இணைப்பைச் சோதிக்க, ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் எர்த்துக்கும் இடையே வோல்ட் இழப்பை அளப்பதே முறை. சென்சார் எர்த்தில் 0.3 வோல்ட் இழப்பு நேர்ந்தாலே 5 வோல்ட் அளவுகோலில் கூலன்ட் சூடு தவறாகப் படிக்கப்படும். புதிய ஈசியூவும் அதே துருப்பிடித்த போல்ட்டில் எர்த் எடுத்தால் அதே பொய்யைத்தான் படிக்கும்.

புது வயரிங்கில் எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து முடிப்பதே உறுதி என்ற எண்ணமும் பரவலானது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடுகிறது. விறைப்பு முடியும் இடத்தில்தான் எஞ்சின் அதிர்வில் அது ஒடிகிறது. சரியான கருவியால் நெரித்த கிரிம்ப் இணைப்பு மேலானது. குறட்டால் நசுக்கிய கிரிம்ப்போ இரண்டையும்விடக் கேடு. கிராங்க் சென்சாருக்கும் நாக் சென்சாருக்கும் கவசமிட்ட வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

இனி, மிகப் பெரிய சேதம் விளைவிக்கும் கூற்று: பெட்ரோல் குறைந்தால்தான் பிஸ்டன் உருகும், கலவையைச் செறிவாக வைத்து வைட்பேண்ட் மீட்டரைப் பார்த்தால் போதும் என்பது. டர்போ எஞ்சினைக் கொல்வதில் முன்னிற்பது நாக்கிங். பற்றவைத்த தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானே வெடிக்கிறது; அதிக பூஸ்ட், சூடான காற்று, முந்திய இக்னிஷன் டைமிங் மூன்றும் அதற்குத் துணை. செறிவான கலவை கொஞ்சம் குளிர்விக்கும். முந்திவிட்ட டைமிங்கை அது ஈடுகட்டாது. வைட்பேண்டோ புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜனை மட்டும் முகர்கிறது, நாக்கிங் அதன் காதில் விழாது. மிஸ்ஃபயர் ஆனால் எரியாத ஆக்சிஜன் வெளியேறி, பெட்ரோல் குறைவு என்று பொய்க்கணக்குக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் பிளக் நனைந்து மிஸ்ஃபயர் கூடும். 96 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தச் சிலிண்டரில் நாக்கிங் ஏறக்குறைய 6 கிலோஹெர்ட்ஸ் ஒலியாக எழும். பிளாக்கில் பதித்த சென்சார் வழியே அதைக் கேட்டு டைமிங்கைப் பின்தள்ளும் வித்தை பழைய இக்னிஷன் கணினிக்கு ஆலையிலேயே கற்பிக்கப்பட்டது. சாப் நிறுவனமோ 1980களின் தொடக்கத்திலேயே ஏபிசி முறையில், நாக்கிங் கேட்டதும் பூஸ்டையே குறைக்கவைத்தது. மலிவான தனி ஈசியூக்கள் பலவற்றில் இந்தக் காது இல்லை. இருந்தாலும் அந்த எஞ்சினின் இரைச்சலுக்கு ஏற்ப அமைத்தால்தான் பயன்.

இன்னொருவர் காரின் மேப்பை ஏற்றிக்கொண்டால் வேலை முடிந்தது என்பதும் பொருந்தாது. இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம் 14 வோல்ட்டில் சுமார் 1 மில்லிநொடி. ஐடிலில் மொத்தத் துடிப்பே 2, 3 மில்லிநொடிதான். அந்தத் தாமதம் வண்டிக்கு வண்டி, வோல்ட்டுக்கு வோல்ட் மாறும். டைமிங்கிலும் ஒரு கண்ணி உண்டு: இந்த எஞ்சினின் கிராங்க் புல்லியில் ரப்பர் தளர்ந்து, குறி பதித்த வெளிவளையம் நழுவிவிடும். டைமிங் விளக்கில் 10 டிகிரி என்று தெரிவது உண்மையில் வேறாக இருக்கலாம். முதல் பிஸ்டனின் உச்ச நிலையைப் பிளக் துளை வழியே கண்டுபிடித்துக் குறியைச் சரிபார்த்த பிறகே மேப்பைத் தொடலாம்.

தனி ஈசியூ தேவைப்படும் இடமும் உண்டு. பெரிய டர்போ இழுக்கும் காற்று, மூலக் காற்றளவி அளக்கும் எல்லையைத் தாண்டும்போதோ, அந்த அளவிக்கு மாற்று கிடைக்காதபோதோ அதுவே வழி. அப்போது காற்றை நேரே அளப்பதை விட்டு, மேனிஃபோல்ட் அழுத்தத்திலிருந்து கணக்கிட வேண்டிவரும். கேம் ஷாஃப்ட்டை மாற்றினால்கூட அட்டவணையைத் திரும்பப் போட வேண்டும். குளிர்காலக் காலையில் எஞ்சின் பிடிப்பதற்கான திருத்தங்களுக்கோ, ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்தபின் எஞ்சின் ஆறும்வரை பல மணி நேரம் காத்திருந்தே அடுத்த சோதனை செய்ய முடியும்.