லீவ் லெட்டரில் ஏன் எப்போதும் காய்ச்சல்?



நம்ம ஸ்கூல்ல யார் லீவ் போட்டாலும் லெட்டரில் ஒரே நோய்தான். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." அக்கா கல்யாணத்துக்குப் போனவனுக்கும் காய்ச்சல், மாடு கன்று போட்டதுன்னு வீட்டில் நின்றவளுக்கும் காய்ச்சல். நாம் பொய்க்காரர்கள் இல்லை. மனப்பாடம் செய்த வரியில் ஒரு வார்த்தையை மாற்றினால் தப்பாகிவிடுமோ என்ற பயம்தான்.

போன மாதம் எங்க அம்மாச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்துட்டாங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இந்தத் தடவை உண்மையை எழுதணும் என்று நானே யோசித்து எழுதினேன். "பிகாஸ் மை கிராண்ட்மதர் ஃபெல் டவுன், ஸோ ஐ டுக் ஹெர் டு த ஹாஸ்பிட்டல்." டீச்சர் 'ஸோ'வைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுட்டாங்க. "பிகாஸ் வந்தா ஸோ வராது" என்றார்கள். ஏன் வராது? அன்று முழுக்க எனக்கு அதே யோசனை.

தப்பு நம்ம நோட்டில்தான் இருக்கு என்று நினைக்கிறேன். 'பிகாஸ் - ஏனென்றால், ஸோ - அதனால்' என்று எழுதி வைத்திருக்கிறோம். "ஏன்னா அம்மாச்சி விழுந்துட்டாங்க" என்று ஆரம்பித்தால் "அதனால" என்று சொல்லாமல் வாய் நிற்காது. அதையே "அம்மாச்சி விழுந்ததால் கூட்டிப் போனேன்" என்று சொல்லிப் பாருங்கள். 'ஆல்' ஒன்றே போதும். "விழுந்ததால் அதனால்" என்று யாராவது எழுதுவோமா? தமிழ் ஐயா நடத்திய கலவை வாக்கியம் இதுதான். தமிழில் வினையின் கடைசியில் ஒட்டுவது, இங்கிலீஷில் வாக்கியத்துக்கு முன்னாடி தனியாக நிற்குது. 'ஆல்தோ'வும் அப்படித்தான். "மழை பெய்தாலும் விளையாடினோம்" என்பதில் 'உம்' இருக்கும்போது 'ஆனால்' எதுக்கு? அங்கே 'பட்' வேண்டாம்.

'அன்லெஸ்' இன்னும் வம்பு. அதுக்குள்ளேயே 'நாட்' ஒளிஞ்சிருக்கு. "அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்" என்று எழுதினால், படித்தால் ஃபெயில் என்று ஆகிவிடும்! (சில பேருக்கு இது பிடிக்கும்.)

இங்கிலீஷ் பீரியடில் தமிழ் பேசக்கூடாது என்பது பேசிப் பழகுவதற்குச் சரி. இலக்கணம் நடத்தும்போது மட்டும் தமிழ் வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. மனப்பாடம் செய்தால்தான் மார்க் வரும் என்று நீங்கள் சொல்வீர்கள். வரட்டும். மாடு கன்று போட்டது அந்த லெட்டரில் வருமா?

'ஸோ'வை எடுத்துவிட்டுத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு டீச்சர், "அம்மாச்சி இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். காய்ச்சல் லெட்டர் கொடுத்தப்போ யாரும் ஒண்ணும் கேட்டதில்லை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி