கரைய மறுக்கும் பாலிமர்

1822. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி சார்ல்ஸ் கன்யார் த லா தூர் ஒரு துப்பாக்கிக் குழலுக்குள் கொஞ்சம் திரவத்தையும் ஒரு சிக்கிமுக்கிக் கல் உருண்டையையும் போட்டு வாயை இறுக அடைத்தார். சூடாக்கினார். ஆட்டிப் பார்த்துக் காதைக் கொடுத்தார். திரவத்தில் உருண்டை புரளும் 'களக் களக்' சத்தம், ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் நின்றுபோனது. உள்ளே இருந்ததைத் திரவம் என்றும் சொல்ல முடியாது. வாயு என்றும் சொல்ல முடியாது.

இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்குத்தான் இன்று 'சூப்பர்கிரிட்டிகல்' என்று பெயர். கார்பன் டை ஆக்ஸைடு இதை எட்ட 31 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 73 அட்மாஸ்பியர் அழுத்தமும் போதும். வராந்தாவில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமே ஏறக்குறைய இந்த ரகம்தான். அந்த நிலையில் அது வாயுவைப் போல எங்கும் ஊடுருவும், திரவத்தைப் போலக் கரைக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் தடயமே இல்லாமல் பறந்துவிடும். காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை மட்டும் உருவி எடுக்க இந்த வித்தையைப் பயன்படுத்தலாம் என்று 1960களில் ஜெர்மனியின் கர்ட் ஸோஸல் காட்டினார். ஆலைகளும் வந்தன.

மருந்துத் துறைக்கு ஆசை பிறந்ததில் ஆச்சரியமில்லை. அங்கே உள்ள பிரச்னை வேறு. பாலி லாக்டிக் அமிலம், அதோடு கிளைகாலிக் அமிலம் சேர்ந்த பிஎல்ஜிஏ ஆகியவை உடலுக்குள் தானாகவே சிதைந்து மறையும் பாலிமர்கள். பிரிக்கத் தேவையில்லாத அறுவை சிகிச்சைத் தையல் நூல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றின் நுண் உருண்டைகளுக்குள் மருந்தை அடைத்து ஊசி மூலம் செலுத்தினால், அது வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரோலைட் மருந்துக்கு இப்படி ஒரு மாதாந்திர ஊசி 1989ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் குத்திக்கொண்டிருந்த நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் தயாரிப்பில் இருக்கிறது. பாலிமரைக் கரைக்க மெத்திலீன் குளோரைடு போன்ற நச்சுக் கரைப்பான் வேண்டும். மருந்தில் அதன் மிச்சம் பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது சர்வதேச நெறிமுறை. அதைவிட மோசம், புரத மருந்துகள் கரைப்பானும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் உருக்குலைந்துவிடுகின்றன. கரைப்பானுக்குப் பதில் கார்பன் டை ஆக்ஸைடு கிடைத்தால் எல்லாம் தீரும் அல்லவா?

தீரவில்லை. இந்தப் பாலிமர்கள் அதில் கரைய மறுக்கின்றன. கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறு இரு பக்கமும் சமச்சீரானது. நீண்ட பாலிமர் சங்கிலிகளைப் பிரித்து இழுக்கும் வலு அதற்கு இல்லை. பாலி லாக்டிக் அமிலத்தைக் கரைக்கவே ஆயிரம் அட்மாஸ்பியருக்கும் மேல் அழுத்தம் தேவை. கிளைகாலிக் பங்கு கூடக்கூட அழுத்தமும் ஏறிக்கொண்டே போகிறது. எளிதாகக் கரைபவை சில ஃபுளோரின் பாலிமர்களும் சிலிக்கோன்களும்தான். அவற்றை உடம்பு சிதைக்காது. வேண்டியது கரையாது, கரைவது வேண்டாம்.

ஆனால் கதவு மறுபக்கம் திறந்திருந்தது. பாலிமர் வாயுவில் கரையாவிட்டால் என்ன, வாயு பாலிமருக்குள் கரைகிறதே! சங்கிலிகளுக்கிடையில் புகுந்து அவற்றை இளக்குகிறது. சாதாரணமாக 45, 50 டிகிரியில் இளகத் தொடங்கும் பிஎல்ஜிஏ, உடல் வெப்பத்தின் அருகிலேயே பிசைந்த மாவு போலாகிவிடும். 2001ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு அந்த மாவில் என்சைம் தூளைக் கலந்தது. கரைப்பான் இல்லை, கொதிக்கும் சூடும் இல்லை. என்சைம் தன் வேலைத்திறனை இழக்கவில்லை.

அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் மாவு நுரைத்துப் பஞ்சாகிறது. 1996லேயே அமெரிக்காவில் டேவிட் மூனி குழு இப்படி 93 சதவீதம் வரை வெற்றிடம் கொண்ட பஞ்சுகளைச் செய்திருந்தது. செல்களை வளர்த்துத் திசு உண்டாக்குவதற்கான சாரம் அது. (அதற்கு சூப்பர்கிரிட்டிகல் நிலைகூட வேண்டியிருக்கவில்லை, சுமார் 55 அட்மாஸ்பியரே போதுமானதாக இருந்தது.) ஒரே குறை, துளைகள் பெரும்பாலும் தனித்தனிக் குமிழிகளாக நின்றன, செல் உள்ளே போக வழியில்லை. இரண்டு வருடம் கழித்து அதே குழு, உப்புத் தூளைக் கலந்து நுரைக்கவைத்துப் பின்பு கழுவி வழி திறந்தது.

இன்னொரு கோஷ்டி கரையாமையையே கருவியாக்கிக்கொண்டது. பாலிமரை வழக்கமான கரைப்பானில் கரைத்துக் கார்பன் டை ஆக்ஸைடுக்குள் பீய்ச்சுவார்கள். கரைப்பானை வாயு இழுத்துக்கொள்ளும். பாலிமர் தூளாக உதிரும். சாமர்த்தியம்தான். ஆனால் விரட்டப் புறப்பட்ட கரைப்பான் இங்கே கொல்லைப்புறமாக மீண்டும் நுழைந்துவிடுகிறது. இதையும் 'பசுமை' முறை என்று அழைப்பதில் கொஞ்சம் தாராளம் இருக்கிறது.

தொழிற்சாலை வாசலில் வேறு கணக்கு. உயர் அழுத்தக் கலன்களுக்கு முதலீடு அதிகம். அனுமதி பெற்ற மருந்தின் தயாரிப்பு முறையை மாற்றினால், பழையதும் புதியதும் ஒன்றுதான் என்று கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் நிரூபிக்க வேண்டும். விற்பனையில் உள்ள மாதாந்திர நுண் உருண்டை ஊசிகளில் பெரும்பாலானவை இன்றும் கரைப்பானில்தான் பிறக்கின்றன.