ஊதாத பேத்தை

மீன் வளர்ப்பதில் நமக்கு விசேஷ ஞானம் உண்டு என்று சென்னையிலுள்ள நமது சிநேகிதர் ஒருவர் வெகு நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த எண்ணத்தைக் கலைக்க நாமும் முயன்றதில்லை. ஆகவே, அவருடைய எட்டு வயதுப் புதல்வி, "மாமா! எங்கள் பேத்தை மீன் நாலு நாளாக ஒன்றுமே சாப்பிடவில்லை. நீங்கள் வந்து பாருங்கள்" என்று அழைத்தபோது, மறுப்பதற்கு வழியில்லாமல் போயிற்று.

போய்ப் பார்த்தோம். கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், நாற்பது லிட்டர் ஜலம் கொள்ளக்கூடிய ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் நீலச் சாயம் ஏற்றிய கூழாங்கற்கள், மேலே கண்ணைப் பறிக்கும் மின்சார விளக்கு, வேறு ஒன்றுமில்லை. அந்தப் பொட்டல் வெளியில் ஓர் அங்குல நீளமுள்ள ஜீவன் ஒன்று, கண்ணாடிச் சுவரை ஒட்டி மேலும் கீழுமாக ஓயாமல் நீந்திக்கொண்டிருந்தது. உடம்பின் நிறம் மங்கிக் கறுத்திருந்தது.

"பயந்தால் பந்து மாதிரி ஊதும் என்று கடைக்காரர் சொன்னார். நானும் தம்பியும் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தோம். செல்போன் விளக்கைக் காட்டிப் பார்த்தோம். ஊதவே மாட்டேன் என்கிறது, மாமா!" என்றாள் குழந்தை.

இந்தச் சின்னஞ்சிறு பேத்தை அயல் நாட்டுப் பிராணியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து கேரளத்தில் பாயும் ஆறுகளே இதன் சொந்த ஊர். பம்பை நதியில் கிடைத்த மீன்களை ஆராய்ந்து, 1941-ம் ஆண்டில் ஸுந்தர்லால் ஹோராவும் கே. கே. நாயரும் இதைப் புதிய இனம் என்று உலகுக்கு அறிவித்தார்கள். திருவிதாங்கூரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் இதை வளர்க்கிறார்கள். விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை. இவ்வினம் அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடியது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியல் கூறுகிறது. நீர்ப்பாசிக்குள் நத்தை தேடித் திரிந்த பிராணியைப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் அடைத்து, ஊர் ஊராகக் கடத்தி, கடைசியில் ஒளிந்துகொள்ள ஓர் இலைகூட இல்லாத இடத்தில் விட்டால், அதற்குச் சாப்பாட்டில் மனம் செல்லுமா?

ஊதுகிற விஷயத்தைக் குழந்தைக்கு விளக்கினோம். பேத்தைக்குச் செதில் என்னும் கவசம் இல்லை. வேகமாக ஓடவும் தெரியாது. ஆகையால், தப்ப வேறு வழியே இல்லாத சமயத்தில், மளமளவென்று நீரை விழுங்கி வயிற்றைப் பந்தாக்கிக் கொள்கிறது. விழுங்க வந்த பெரிய மீன் அப்போது திகைத்துப் போகிறது. இது அதற்கு விளையாட்டு அல்ல, உயிர்ப் போராட்டம். வலையில் அள்ளி வெளியே எடுத்தாலோ, நீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் திண்டாடி மாண்டு போவதும் உண்டு. இடம் மாற்ற வேண்டுமானால் நீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தை அமிழ்த்தி, மீனை நீரோடு சேர்த்து முகந்துகொள்வதே சரி.

குழந்தையின் முகம் வாடிவிட்டது. "ஊத வேண்டாம், மாமா. சாப்பிட்டால் போதும்" என்றாள்.

உடனே வேலையைத் தொடங்கினோம். மூன்று பக்கங்களிலும் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். கண்ணாடியில் தன் பிம்பத்தையே பகைவனென்று கருதி அது அலைவதும் உண்டல்லவா? விளக்கை அணைத்தோம். வேலம்பாசி வாங்கி வந்து பாதித் தொட்டியை நிரப்பினோம். கொதிக்க வைத்துச் சாயம் போக்கிய கொட்டாங்கச்சி ஒன்றைக் கவிழ்த்து, வாசலுக்காக ஒரு பக்கம் உடைத்துவிட்டோம். தொலைக்காட்சிக்குப் பக்கத்திலிருந்த தொட்டி சந்தடியற்ற மூலைக்குப் போயிற்று. "இத்தனை புதர் வைத்தால் மீன் கண்ணுக்கே தெரியாதே!" என்று சிநேகிதர் முறையிட்டார். ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது வெளியே வரும் என்றோம். அவர் நம்பவில்லை.

அடுத்தபடியாக ஜலத்தைப் பரிசோதித்தோம். இங்கேதான் உண்மைக் குற்றவாளி அகப்பட்டார். நமது சிநேகிதர் சுத்தத்தில் மகா கண்டிப்பானவர். ஞாயிறுதோறும் ஜலம் முழுவதையும் கொட்டிவிட்டு, வடிகட்டியைக் குழாய் நீரில் பளபளவென்று அலசி வைப்பாராம்! மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தக் குடித்தனம் நிலைபெற நாலைந்து வாரமாவது ஆகும். குழாய் நீரிலுள்ள குளோரினோ அவற்றைக் கொன்றுவிடுகிறது. வாரந்தோறும் சிநேகிதர் ஒரு கிராமத்தையே அழித்து வந்தார்! இனி வாரத்துக்குக் கால் பங்கு ஜலம் மாற்றினால் போதும். குளோரின் நீக்கும் சொட்டு மருந்து சேர்க்க வேண்டும். வடிகட்டியைத் தொட்டி ஜலத்திலேயே அலச வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. உஷ்ணம் 24 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் ஜலம் அநேகமாக ரசம் வைக்கும் பக்குவத்தில் இருப்பதால், அதை ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "பேத்தை கடல் மீன், உப்புப் போடுங்கள்" என்றார். கடலிலும் உப்பங்கழியிலும் வாழும் பேத்தைகள் பல உண்டு. இதுவோ நன்னீர் மீன்.

ஒரு தவறை நாமும் செய்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. தனிமைதான் துயரத்துக்குக் காரணமோ என்று எண்ணி, மூன்று கப்பி மீன்களைத் துணைக்கு விடச் சொன்னோம். மறுநாள் காலையில் மூன்றுக்கும் வால் இல்லை! பட்டினி கிடந்த மீனுக்குப் பல் மட்டும் பட்டினி கிடக்கவில்லை போலும். கப்பிகள் அன்றே வேறு பாத்திரத்துக்குக் குடிபெயர்ந்தன. நமது ஞானத்தைப் பற்றிச் சிநேகிதர் கொண்டிருந்த அபிப்பிராயமும் அன்று சற்றுக் குறைந்தது.

பிறகு குழந்தை ஒரு விரதம் பூண்டாள். தினம் மாலையில் மூன்று முழம் தள்ளி உட்காருவாள், கண்ணாடியைத் தொடமாட்டாள், தம்பியையும் தொட விடமாட்டாள். மூன்றாம் நாள் கொட்டாங்கச்சிக்குள் ஒரு கண் மட்டும் சுழன்றது. இந்த மீனின் கண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்ப வல்லவை. ஆறாம் நாள் பாசியின் விளிம்பு வரை வந்து திரும்பியது. உருண்டைத் தீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உயிருள்ள இரை அசைந்தால்தான் அதற்குப் பசி எழும். ஒன்பதாம் நாள், சாமை அளவுள்ள நத்தைக் குஞ்சு ஒன்றைப் போட்டாள். பேத்தை வந்தது, ஒரு கண்ணால் நத்தையையும் மறு கண்ணால் குழந்தையையும் பார்த்தது, பிறகு கடுக்கென்று கடித்தது!

நேற்று அங்கே போயிருந்தோம். குழந்தையைக் கண்டதும் மீன் பாசியை விட்டு முன்னே வந்து நின்றது. நாம் சற்றே நெருங்கினோம், கொட்டாங்கச்சிக்குள் போய்விட்டது. "மாமா, நீங்கள் மூன்று முழம் தள்ளி உட்காருங்கள்" என்று உத்தரவாயிற்று. உட்கார்ந்தோம். சமையலறை ஜன்னலில் நாலு ஊறுகாய்ப் பாட்டில்கள் நிறைய நத்தை வளர்கிறது. ஊறுகாயை எங்கே போட்டு வைப்பது என்று குழந்தையின் தாயார் நம்மைக் கேட்கிறாள்.