பொய்ச் செய்திக்குச் சட்டமா, பாடமா?

மைசூருவில் உள்ள ரங்காயண நாடக அமைப்பு 2022 நவம்பரில் திப்பு சுல்தான் பற்றிய நாடகம் ஒன்றை மேடையேற்றியதையடுத்து, உரி கௌடா, நஞ்சே கௌடா என்ற இரு பெயர்கள் கர்நாடக அரசியலில் பரபரப்பாகப் பேசப்படலாயின. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலேயப் படையுடன் போரிட்டு மாண்டவர் திப்பு என்பது வரலாறு. இல்லை, அவரைக் கொன்றவர்கள் இந்த இரு ஒக்கலிகர்களே என்பது புதிய பிரசாரம். 2023 மார்ச்சில் பிரதமர் மோடி மாண்டியா வந்தபோது அப்பெயர்களைத் தாங்கிய வரவேற்பு வளைவே எழுப்பப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் மாற்றப்பட்டது. அப்போது மாநில அமைச்சராக இருந்த முனிரத்னா, இருவரைப் பற்றியும் திரைப்படம் எடுப்பதாக அறிவித்தார். ஆதிசுஞ்சனகிரி மடாதிபதி நிர்மலானந்தநாத சுவாமி, உரிய ஆதாரமின்றிக் குழப்பம் விளைவிக்க வேண்டாம் என்று கூறிய பின்னரே அம்முயற்சி கைவிடப்பட்டது.

வரலாற்றாசிரியர்கள் ஆதாரம் கேட்டபோது அசையாத அரசியல், மடாதிபதி கேட்டதும் பின்வாங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இது ஏதோ ஏட்டுச் சர்ச்சை என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 மே மாதத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற சென்னை மூதாட்டி, குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டே மாதங்களில் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஹைதராபாத் மென்பொறியாளர் ஒருவருக்கும் அதே கதி நேர்ந்தது.

அரசுகளுக்குத் தெரிந்த மருந்து சட்டம் ஒன்றுதான். தன்னைப் பற்றிய செய்தி பொய்யா, மெய்யா என்பதைத் தானே தீர்மானிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு 2023-இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி எடுத்துக்கொண்டது. மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. தில்லியைக் குறைகூறும் காங்கிரஸ் ஆட்சி செய்த கர்நாடகத்திலோ, 2025 ஜூனில் வெளியான வரைவு மசோதா பொய்ச் செய்திக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்றது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கருத்துச் சுதந்திரம், ஆளுங்கட்சியானதும் சிறைத் தண்டனை! இதில் எந்தக் கட்சிக்கும் விதிவிலக்கு இல்லை.

வேறு வழி இல்லையா என்றால், அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது. தடுப்பூசிக்கு எதிரான வதந்திகளைக் கண்ட கேரளத்தின் கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி, 2018-இல் 150 அரசுப் பள்ளிகளில் "சத்யமேவ ஜெயதே" என்ற வகுப்பைத் தொடங்கினார். பின்னர் 2022-இல் அதே பெயரில் மாநிலம் முழுவதும் 19 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 2024-இல் கணினிப் பாடநூலிலும் அது இடம்பெற்றது. பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால் கணினி ஆசிரியரோடு நின்றுவிட்டால், அதுவும் மதிப்பெண்ணுக்கான இன்னொரு பாடமாகிவிடும்.

பின்லாந்து 2016 முதல் நடைமுறைப்படுத்திய பாடத்திட்டம் வேறு பாதையில் செல்கிறது. அங்கு ஊடகத்தை ஆராய்ந்து படிக்கும் பயிற்சி தனிப் பாடமன்று. எல்லாப் பாட ஆசிரியர்களின் பொறுப்பு. நம் வகுப்பறைகளில் இதற்குத் தடையாக எதுவும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கும் மேல் என்று பல வாக்குக் கணிப்புகள் அடித்துச் சொல்ல, கிடைத்தவையோ 293 இடங்கள். மாதிரி எடுத்தல், பிழை வரம்பு ஆகியவற்றைக் கற்பிக்கக் கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? 5ஜி அலைகளால் கொரோனா பரவுகிறது என்ற புரளி, அலைக்கும் கிருமிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் அறிவியல் பாடம்.

மொழி ஆசிரியரின் பங்கு எல்லாவற்றிலும் பெரிது. "போலீசார் தடியடி நடத்தினர்" என்பது செய்வினை. "தடியடி நடத்தப்பட்டது" என்பது செயப்பாட்டுவினை. இரண்டாவது வாக்கியத்தில் தடியைப் பிடித்த கை காணாமல் போவதை இலக்கண வகுப்பிலேயே சுட்டிக்காட்டலாம். "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன" என்று நாளிதழ்கள் எழுதும்போது, அந்த வட்டாரம் யார், அதற்கு என்ன ஆதாயம் என்று மாணவன் கேட்கப் பழகினால் பத்திரிகைகளுக்கும் நல்லதே.

இதைத் தொடங்கத் தகுந்த இடம் மீண்டும் மைசூருதான். 1963-இல் மானசகங்கோத்ரியில் நிறுவப்பட்ட மண்டலக் கல்வி நிறுவனம், தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கூடம். பட்டப்படிப்பையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒன்றிணைத்த நான்காண்டுப் படிப்பு அங்கு நெடுங்காலமாக நடத்தப்பட்டு வருகிறது. வளாகத்திலேயே செய்முறைப் பள்ளியும் உண்டு. இயற்பியலோ வரலாறோ கற்கும் மாணவர், அதை எப்படிக் கற்பிப்பது என்பதையும் உடன் கற்கும் இடத்தில் ஊடகப் பயிற்சியைச் சேர்ப்பது எளிது.

சிக்கல் அதன் தாய் நிறுவனத்தில்தான் இருக்கிறது. மைசூரு நிறுவனம் என்.சி.இ.ஆர்.டி.யின் அங்கம். அந்த அமைப்பின் பாடநூல்களிலிருந்து முகலாயர் பற்றிய பகுதிகளும் காந்தி கொலை தொடர்பான வரிகளும் நீக்கப்பட்டது 2023-இல் நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டது. பாடநூல் உருவாக்கத்தில் பங்கேற்ற யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் தங்கள் பெயர்களை நூல்களிலிருந்து எடுத்துவிடுமாறு கேட்டனர். வாட்ஸ்அப் செய்திக்கு ஆதாரம் கேட்கக் கற்ற மாணவன், பாடநூலில் ஒரு பக்கம் ஏன் காணவில்லை என்றும் கேட்பான். அமைச்சரின் மேடைப் பேச்சையும் சரிபார்ப்பான். அந்தக் கேள்விக்கு வகுப்பில் இடம் தரும் அரசுப் பள்ளி ஆசிரியர், மறுவாரம் இடமாற்ற உத்தரவைப் பெறாமல் இருக்க வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆதாரத்தின் அடிப்படையில் சிந்திப்பதை மாணவர் திறன்களில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியருக்கான பாதுகாப்பை மத்திய அரசும் மாநில அரசுகளும் உத்தரவாக எழுதித் தரட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் வரலாற்று வினாத்தாளிலும் ஒரு செய்தித் துணுக்கை அச்சிட்டு, இதற்கு ஆதாரம் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கட்டும்.