கிரேக்கச் சமையலும் நமது சந்தைப் பையும்

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு மதிய உணவுக்காகச் சென்றிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இதய நாளத்தில் அடைப்பு ஏற்பட்டுச் சிகிச்சை பெற்றுத் தேறியவர். இனிமேல் மத்தியதரைக் கடல் நாட்டவரின் உணவு முறையைக் கைக்கொள்ளுமாறு வைத்தியர் அவருக்கு ஆலோசனை கூறியிருந்தார். வெளிநாட்டில் வாழும் மகள் உடனே ஒரு பொருட்பட்டியலைத் தயாரித்து அனுப்பிவிட்டார்.

அன்றைய மேசையில் அந்தப் பட்டியல் முழுவதும் இருந்தது. போத்தலில் அடைத்த ஒலிவ் காய்கள், சலாது இலையின் மேல் தூவிய வெள்ளைச் சீஸ் துண்டுகள், கத்தரிக்காய்க்கும் கொத்திறைச்சிக்கும் மேலே வெண்ணெயும் பாலும் மாவும் சேர்ந்த வெள்ளைக் குழம்பை ஊற்றி வேகவைத்த மூசாக்கா. நண்பரின் மனைவி மிகுந்த சங்கடத்துடன், "உண்மையான ஃபெற்றா சீஸ் கிடைக்கேல்லை, குறை நினைக்காதேங்கோ" என்றார். உணவு முடிந்தபின் நண்பர் கடையின் பற்றுச்சீட்டைக் காட்டினார். அவருடைய மாத ஓய்வூதியத்தின் கால்வாசி அந்த ஒரே பையில் போயிருந்தது.

சீஸ் கிடைக்காதது அந்த விருந்தின் குறையன்று. கிரேக்கச் சமையல் கடையில் வாங்கி வருகின்ற ஒரு பொருள் என்ற நம்பிக்கையே அதன் குறை. இந்த நம்பிக்கை நம்மில் பலரிடம் இருப்பதாலும், அதற்காக நோயாளிகள் தம் சக்திக்கு மீறிச் செலவிடுவதாலும் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மூசாக்காவை எடுத்துக்கொள்வோம். மேலே வெள்ளைக் குழம்பு ஊற்றிய இன்றைய மூசாக்கா பழைய கிரேக்கத்திலிருந்து வந்ததல்ல. 1878இல் பிறந்து 1958இல் மறைந்த நிக்கொலாஸ் செலெமென்தெஸ் என்னும் சமையற்கலைஞர், பிரெஞ்சுச் சமையலின் பெசமெல் குழம்பைச் சேர்த்து அதற்கு அந்த உருவத்தைக் கொடுத்தார். கிரேக்க உணவிலிருந்து துருக்கியரின் செல்வாக்கை நீக்கி அதை ஐரோப்பிய உணவாக்க வேண்டுமென விரும்பியவர் அவர். அவருடைய நூல் எவ்வளவு பிரபலமானதென்றால், கிரேக்கத்தில் சமையல் நூல் எதையுமே அவருடைய பெயரால் அழைக்கும் வழக்கம் உருவானது. மூசாக்கா சுவையான உணவுதான். ஆயினும் இதய நோயாளிக்கு வைத்தியர் கூறிய உணவு அதுவல்ல.

அப்படியானால் வைத்தியர் கூறியது எது? அதற்கு நாம் கிரீட் தீவுக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரினால் சீரழிந்திருந்த கிரேக்கத்தின் அழைப்பின் பேரில், 1948இல் றொக்பெல்லர் மன்றம் கிரீட் தீவு மக்களின் வாழ்க்கை நிலையை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1953இல் வெளிவந்தது. அம்மக்கள் பெற்ற உணவுச் சக்தியில் இறைச்சி, மீன், முட்டை, பாற்பொருட்கள் அனைத்தும் சேர்ந்து சுமார் 7 வீதத்தை மட்டுமே வழங்கின. மற்றையவை பாண், பருப்பு வகைகள், காய்கறி, பழம், காட்டுக் கீரை, ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றிலிருந்து கிடைத்தன. பின்னர் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகளின் ஆய்வில், கிரீட் தீவின் ஆண்களிடையே இதய நோய் மிகக் குறைவாக இருந்தமை கண்டறியப்பட்டது. மத்தியதரைக் கடல் உணவு முறை உலகப் புகழ் பெற்றது இவ்வாறுதான். 2010இல் யுனெஸ்கோவும் அதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. உங்கள் உணவில் என்ன குறை என்று கேட்டபோது, இறைச்சி வேண்டுமென்றே அம்மக்களிற் பெரும்பாலானோர் கூறினார்கள். அவர்கள் அந்த உணவைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், நாட்சி ஜேர்மனியும் அதன் கூட்டாளிகளும் நாட்டை ஆக்கிரமித்திருந்த 1941-42 குளிர்காலத்தில், கிரேக்கம் கொடிய பஞ்சத்தைக் கண்டிருந்தது. ஏதென்ஸ் நகரத் தெருக்களில் மனிதர்கள் விழுந்து இறந்தார்கள். ஹோர்த்தா என்று அவர்கள் அழைக்கும் காட்டுக் கீரைகளைப் பறித்து அவித்து உண்டு உயிர் தப்பியவர்கள் பலர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்திய எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இன்று விலை உயர்ந்த உணவகங்களில் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுப் பரிமாறப்படும் ஹோர்த்தாவுக்குப் பின்னால் அந்த வரலாறும் இருக்கிறது.

வறுமை ஒரு காரணம் என்றால், விரதம் மற்றொரு காரணம். கிரேக்க மரபுவழித் திருச்சபையின் விதிகளை முழுமையாகக் கடைப்பிடிப்பவர்களுக்கு ஆண்டில் சுமார் 180 நாட்களோ அதற்கு மேலோ விரத நாட்களாகும். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் ஆகாது. மீனும் பெரும்பாலான நாட்களில் விலக்கு. கடுமையான நாட்களில் எண்ணெயைக் கூடத் தவிர்ப்பார்கள். ஆண்டின் பாதியை மரக்கறியுடன் கழிக்க வேண்டிய குடும்பத் தலைவி, அதைச் சுவையான முழு உணவாக்க வழி தேடினாள். லாதெரா எனப்படும் உணவு வகை அதனாற் செழித்தது. எண்ணெயிற் சமைத்தவை என்பதே அச்சொல்லின் பொருள். வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாட்டுக்கும் கந்தசஷ்டி விரதத்துக்கும் பழகிய நமக்கு இந்தத் தேடல் புதியதல்ல.

லாதெரா வகையில் நமது குசினிக்கு மிகவும் பொருத்தமானது ஃபசோலாக்கியா, அதாவது போஞ்சி. செய்முறை எளிது. நால்வருக்கு அரைக் கிலோ போஞ்சி, பெரிய வெங்காயம் ஒன்று, நன்கு பழுத்த தக்காளி மூன்று அல்லது நான்கு, உருளைக்கிழங்கு இரண்டு, உள்ளிப் பல் இரண்டு போதும். கிரேக்க வீடுகளில் அரைக் கோப்பை ஒலிவ் எண்ணெய் அல்லது அதற்கும் மேல் விடுவார்கள். நான் ஆறு மேசைக்கரண்டியுடன் நிறுத்திக்கொள்கிறேன். வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, போஞ்சியையும் கிழங்கையும் சேர்த்துப் பிரட்டி, தக்காளியைத் துருவி விட்டு, உப்பும் ஒரு கோப்பை நீரும் சேர்த்து மூடி, மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை விடவேண்டும். நீர் முழுவதும் வற்றித் தக்காளியும் எண்ணெயும் மட்டும் குழம்பாக மிஞ்சும்போது இறக்கிவிடலாம். ஆறவிட்டு, இளஞ்சூட்டில் பாணுடன் உண்பார்கள்.

முதன்முறை நான் இதைச் சமைத்தபோது, நமது வழக்கப்படி நெருப்பைக் கூட்டிப் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டேன். போஞ்சி ஒரு பக்கமும் புளித்த தக்காளி நீர் ஒரு பக்கமுமாக நின்றன. நாம் போஞ்சியை அரை வேக்காட்டில் விரும்புகிறோம். கிரேக்கர் அதை வாயிற் கரையும்வரை வேகவைக்கிறார்கள். கறித்தூள் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, கறிவேப்பிலை இல்லை. அவற்றின் வேலையை இங்கே நேரம் செய்கிறது. இரண்டாம் முறை பொறுமையாக இருந்தேன், சரியாக வந்தது.

இதில் ஒலிவ் எண்ணெய் ஒன்றுதான் இறக்குமதிப் பொருள். அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் விட்டால் என்ன என்ற கேள்வி எழும். விடலாம், நல்ல கறி ஒன்று கிடைக்கும். ஆனால் அதை இதயத்துக்கான மருந்தென்று எண்ணக்கூடாது. தேங்காய் எண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. ஒலிவ் எண்ணெயில் அது சுமார் 14 வீதம் மட்டுமே. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, ஒலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்த்த இந்த உணவு முறையினால் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை குறைந்ததாகக் காட்டியது. நடத்திய முறையிற் குறைபாடு இருந்ததால் அந்தக் கட்டுரை 2018இல் மீளப்பெறப்பட்டது. திருத்திய பகுப்பாய்வுடன் மீண்டும் வெளிவந்தபோதும் முக்கிய முடிவு மாறவில்லை. எனவே எண்ணெயில் சிக்கனம் பார்ப்பதைவிட, ஒலிவ் காயிலும் சீஸிலும் சிக்கனம் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஃபெற்றா பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கு உரித்தாக்கியது. டென்மார்க்கும் ஜேர்மனியும் எதிர்த்து வழக்காடியும் 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குறைந்தது 70 வீதம் செம்மறியாட்டுப் பாலும் மிகுதி வெள்ளாட்டுப் பாலும் கொண்டு, கிரேக்கத்தின் குறித்த பிரதேசங்களில் செய்யப்படுவதே அங்கு ஃபெற்றா. பசுப்பாலிற் செய்த வெள்ளைச் சீஸை அதன் பெயருக்காக அதிக விலை கொடுத்து வாங்குவதில் பயனில்லை. தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம் ஆகியவற்றை வெட்டி உப்பும் எண்ணெயும் விட்டுச் சீஸ் இல்லாமலே உண்ணலாம். கிரேக்கரின் நாட்டுப்புறச் சலாதில் சலாது இலையே இல்லையென்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இவ்வளவும் எழுதும்போது ஒரு மறுப்பு எனது காதில் விழுகிறது. நம்மிடம் கீரையும் பருப்பும் குரக்கனும் இருக்கையில் கிரேக்கரிடம் ஏன் போக வேண்டும்? நியாயமான கேள்வி. இந்த உணவுகளிற் சில நமக்கு மிக அருகிலேயே இருக்கின்றன. சாந்தோரினித் தீவில் மஞ்சட் பருப்பை அவித்து மசித்து, எண்ணெயும் வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து உண்பார்கள். தேசிப்புளி விட்ட பருப்பை அறிந்த எவரும் அதை உறவாகவே காண்பர். கீரையையும் சோற்றையும் ஒன்றாகச் சமைத்துச் சதகுப்பை இலை தூவும் உணவும் அவர்களிடம் உண்டு.

ஆயினும் அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டிய ஒன்று இருக்கிறது. நமது தட்டில் சோறு ஒரு மலையாக இருக்கும். அதன் ஓரத்தில் மூன்று கரண்டி மரக்கறி இருக்கும். கறி என்பது சோற்றை இறக்குவதற்கான துணை. லாதெராவில் இது தலைகீழ். தட்டை நிறைப்பது மரக்கறி. பாண் இரண்டு துண்டு ஓரத்தில் நிற்கிறது. நீரிழிவு வீட்டுக்கு வீடு பரவியிருக்கும் நமது சமூகத்துக்கு இந்த மாற்றம் ஒலிவ் காய்ப் போத்தலைவிடப் பெரிய பயன் தரும் என்பதே எனது கருத்து. மாறாக, வழக்கமான சோற்று மலையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் ஆறு கரண்டி எண்ணெயிற் சமைத்த போஞ்சியையும் சேர்த்து உண்டால் உடல் பருக்கும், வேறு நன்மை எதுவும் வராது. இன்றைய கிரேக்கமே இதற்குச் சாட்சி. இறைச்சியும் துரித உணவும் பெருகிய அந்நாட்டில், சிறுவரின் உடற்பருமன் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த மட்டத்தில் உள்ள நாடுகளுக்கு இணையாக நிற்கிறது. அதே மண்ணில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அதே ஒலிவ் மரங்கள் காவலாக அமையவில்லை.

இந்த விடயத்தில் வைத்தியர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஒன்றின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் பார்த்தோம். அதன்பின் ரூபா ஓரளவு தேறினாலும் முன்னைய நிலைக்குத் திரும்பவில்லை. இத்தகைய நாட்டில், ஓய்வூதியம் பெறும் ஒருவரிடம் ஒரு தூரதேச உணவு முறையின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. போஞ்சியும் பருப்பும் கீரையும் அதே உணவுதான் என்று இரண்டு நிமிடம் கூடுதலாக விளக்கினால், ஒரு குடும்பத்தின் பணமும் மனச்சங்கடமும் மிச்சமாகும்.

நண்பருக்கு நான் இந்தப் போஞ்சிச் செய்முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அவரது மனைவி தொலைபேசியில் அழைத்து, "இது எங்கட போஞ்சிக்கறிதானே, தூள் போடேல்லை, அவ்வளவுதான்" என்றார். முற்றிலும் சரியல்ல என்றாலும் நான் மறுக்கவில்லை. அவர் இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் அதைச் செய்கிறாராம். ஒலிவ் எண்ணெய் மட்டும் சிறிய போத்தலாக வாங்குகிறார்கள்.

மெல்பேர்ணிலும் ரொறொன்ரோவிலும் வாழும் வாசகர்களுக்கு என்னிலும் நல்ல ஆசான்கள் அயலில் இருக்கக்கூடும். இரு நகரங்களிலும் கிரேக்கக் குடும்பங்கள் ஏராளம். வயது முதிர்ந்த கிரேக்கப் பெண்மணி எவரையாவது அறிந்திருந்தால், ஈஸ்ரருக்கு முந்திய விரத காலத்தில் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பொருட்களிற் பெரும்பாலானவை ஏற்கனவே உங்கள் குசினியில் இருக்கும்.