கஞ்சா கேஸில் பிடிபட்ட பையனை எங்க அனுப்பணும்? காலாப்பட்டுக்கா, கோரிமேட்டுக்கா?

தோழர்களே, இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க. முடிச்சிட்டு திட்டணும்னா திட்டுங்க, நம்ம ஆளுங்கதானே.

கஞ்சா கைது செய்தி போட்டா நம்ம பக்கத்துல என்ன கமெண்ட் வருதுன்னு தினமும் பார்க்கிறவன் நான். "சுட்டுத் தள்ளுங்க." "கை காலை உடைங்க." "ஜாமீனே குடுக்காதீங்க." லைக்கும் அதுக்குத்தான் அதிகம். அந்தக் கோபம் எங்கிருந்து வருதுன்னு எனக்கும் தெரியும். 2024 மார்ச்ல முத்தியால்பேட்டையில ஒன்பது வயசுக் குழந்தையைக் கொன்னு சாக்கடையில போட்டாங்க. ஊரே தெருவுக்கு வந்துச்சு, பந்த் நடந்துச்சு. கஞ்சாவை ஒழின்னு கத்துன கூட்டத்துல நானும் நின்னேன். அன்னைக்குக் கேட்டதுல ஒரு வார்த்தையைக்கூட இப்ப வாபஸ் வாங்கல.

ஆனா அந்தக் கோபம் யார் தலையில போய் விழுதுன்னு பார்த்தீங்களா?

என் ஜூனியர் ஒருத்தன். காலேஜ் பேரும் வேணாம், அவன் பேரும் வேணாம். மூணாவது வருஷம் படிச்சப்போ ஒரு நாள் ராத்திரி பைக்ல வரும்போது மடக்கிட்டாங்க. சட்டைப் பையில ஒரே ஒரு பொட்டலம். விக்கிறவன் இல்ல, ஒரு வருஷமா அது இல்லாம தூங்க முடியாதவன். எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட். வெளிய வரும்போது செமஸ்டர் பரீட்சை முடிஞ்சு போயிருந்துச்சு. உள்ள போறப்போ அவனுக்கு ஒரு வியாபாரியைத்தான் தெரியும். வெளிய வந்தப்போ நாலு பேரைத் தெரியும்.

அவங்க அம்மா என்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு. "தம்பி, ஆஸ்பத்திரில சேர்த்துடுறேன்னு கேட்டேன்பா. அதெல்லாம் கேஸ் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்னுட்டாங்க." கேஸை நடத்தினவர், "சின்ன கேஸ்தான், ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா தலைவலி விட்டுச்சு"ன்னார். ஒத்துக்கிட்டான், கட்டினான். தலைவலி அப்புறம்தான் ஆரம்பிச்சுது. இன்டர்வியூ எல்லாம் கிளியர் பண்ணிடுவான். "உங்கள் மேல் குற்ற வழக்கு உண்டா"ன்னு ஒரு கட்டம் வரும் பாருங்க, அங்க நின்னுடுவான். பொட்டலமும் நிக்கல.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த அம்மா கேட்டது சட்டத்துலயே இருக்கு. யாரும் சொல்லல. எனக்கும் அப்ப தெரியாது. சர்க்யூட் தியரி படிச்ச மூளையை வச்சுக்கிட்டு ரொம்ப நாள் கழிச்சு சட்டத்தை வரி வரியா படிச்சப்போதான் கண்ணுல பட்டுச்சு.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல வந்தது. என்.டி.பி.எஸ்.னு சொல்றோமே, அதேதான். பத்து வருஷம், இருபது வருஷம் ஜெயில்னு பயமுறுத்துற சட்டம்னுதான் எல்லாருக்கும் தெரியும். வணிக அளவுல கடத்துறவனுக்கு அது சரிதான், நானும் கைதட்டுறேன். ஆனா அதே சட்டம் "சிறிய அளவு"ன்னு தனியா ஒண்ணு பிரிச்சு வச்சிருக்கு. கஞ்சான்னா ஒரு கிலோ வரைக்கும், ஹெராயின்னா 5 கிராம் வரைக்கும். சிறிய அளவு கஞ்சாவுக்கு அதிகபட்சம் ஒரு வருஷம் ஜெயில், இல்லன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும்.

அதுக்குள்ளதான் ரெண்டு கதவு இருக்கு. முதல் கதவு 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர் மேல் போதை எடுத்ததாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்து, அவர் தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்த முடியாது. பாதியில விட்டுட்டு ஓடினா அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கலாம்.

இரண்டாவது கதவு 39-வது பிரிவு. இது குற்றவாளின்னு தீர்ப்பு வந்த பிறகு. உடனே ஜெயிலுக்கு அனுப்பாம, அவரோட சம்மதத்தோட, பத்திரம் எழுதி வாங்கிக்கிட்டு நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள்ள சிகிச்சை அறிக்கையோட கோர்ட்ல வந்து நிக்கணும். அறிக்கை திருப்தியா இருந்தா, மூணு வருஷம் வரைக்கும் இந்தப் பக்கமே போகமாட்டேன்னு இன்னொரு பத்திரம், எச்சரிக்கை, விடுதலை. மீறினா திரும்பக் கூப்பிட்டு தண்டனை.

அமெரிக்காவுல இதையே ஒரு தனி நீதிமன்றமா நடத்துறாங்க. 1989-ல மியாமியில ஆரம்பிச்சது, இப்ப நாடு முழுக்க ஆயிரக்கணக்குல இருக்கு. சினிமா கோர்ட் மாதிரி இருக்காது. ஆரம்பத்துல வாராவாரமோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ அதே நீதிபதி முன்னாடி வந்து நிக்கணும். சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. ஆலோசகர் என்ன சொல்றார், வேலைக்குப் போறானா, வீட்டுல எப்படின்னு நீதிபதியே நேர்ல கேட்பார். ஒழுங்கா இருந்தா கோர்ட்லயே கைதட்டு. சறுக்கினா கூடுதல் நிபந்தனை, ரொம்ப மிஞ்சினா சில நாள் உள்ள. ஒரு தடவை சறுக்கினதுக்காகக் கதையை முடிச்சிட மாட்டாங்க. ஏன்னா இந்த நோய்ல திரும்பச் சறுக்குறது சகஜம், அது தெரிஞ்சுதான் அமைச்சிருக்காங்க. முழுசா முடிச்சா வழக்கு தள்ளுபடி ஆகலாம், இல்ல தண்டனை குறையலாம்.

குறையே இல்லாத ஏற்பாடுன்னு நான் சொல்லல. சீக்கிரம் தேறுற ஆளாப் பார்த்து எடுத்துக்கிறாங்கன்னு அங்கயே விமர்சனம் இருக்கு. டாக்டர் குடுக்குற மாற்று மருந்தை நிறுத்தச் சொன்ன நீதிபதிகளும் உண்டு, அது சுத்த முட்டாள்தனம். ஆனா "கேஸ் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி"ங்கிற நம்ம ஊர் பதிலை அங்க தலைகீழா மாத்திட்டாங்க.

அமெரிக்கா தூரம்னு நினைச்சா பிரான்ஸைப் பாருங்க. நம்ம ஊர்ல சொல்தா குடும்பம் எத்தனை இருக்கு, மச்சான் பாரீஸ்ல, சித்தி துலூஸ்ல. 1970 டிசம்பர் 31 சட்டத்துலயே அந்த நாட்டுல போதை எடுத்தவரை வழக்குக்குப் பதிலா சிகிச்சைக்கு அனுப்புற வழியை வச்சாங்க. தண்டனையையும் எடுக்கல, ஒரு வருஷம் வரை ஜெயில்னு அதுவும் கூடவே இருக்கு. கட்டடத்தையும் தெருப் பேரையும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிற நாம இதையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

சரி, நம்ம நாட்டுல அந்த ரெண்டு கதவும் திறக்குதா? பஞ்சாப்ல 2013-ல இருந்து 2015 வரைக்கும் நடந்த வழக்குகளை விதி சட்டக் கொள்கை மையம் ஆராய்ஞ்சு 2018-ல ஒரு அறிக்கை விட்டாங்க. போதைக்குப் பேர் போன மாநிலம் அது. அவங்க பார்த்த வரைக்கும் நீதிமன்றம் வழியா மறுவாழ்வு சிகிச்சைக்குப் போனவர் ஒருத்தர்கூட இல்ல.

ஆனா கதவு திறந்த கதையும் ஒண்ணு உண்டு. இந்தி நடிகர் ஃபர்தீன் கான் 2001-ல மும்பையில கொக்கைன் வழக்குல கைதானார். சிகிச்சை எடுத்துக்கிட்டார். 2012-ல சிறப்பு நீதிமன்றம் 64ஏ பிரிவுல அவருக்குப் பாதுகாப்பு குடுத்துச்சு. அவருக்குக் கிடைச்சதுல எனக்கு ஒரு பொறாமையும் இல்ல, கிடைக்கட்டும். குருசுக்குப்பத்துல மீன்பாடி வண்டி தள்ளுறவர் பையனுக்கு ஏன் கிடைக்கலங்கிறதுதான் என் கேள்வி. சட்டம் ஒண்ணுதான். அதை எடுத்துச் சொல்ல வக்கீல் இருக்கிறவனுக்கு ஒரு மாதிரி, இல்லாதவனுக்கு ஒரு மாதிரி. சமூகநீதி பேசுற நமக்கு இது புரியாம போகுமா?

"இப்படி விட்டா வியாபாரி எல்லாம் நானும் அடிமைதான்னு வந்து நிப்பானே?" கேக்குறீங்க, நியாயமான கேள்வி. வணிக அளவுல பிடிபட்டவன் இதுக்குள்ள வரவே முடியாது. அடிமைன்னு சும்மா வாயால சொன்னாப் போதாது, டாக்டர் சொல்லணும், சிகிச்சையை முழுசா முடிக்கணும். தன் செலவுக்காக நாலு பொட்டலம் கைமாத்தி விடுற பையன்தான் சிக்கலான கேஸ், மறுக்கல. வயசு, முன்கதை, உடல்நிலை எல்லாத்தையும் பார்த்து முடிவு பண்ணுன்னு 39-வது பிரிவே நீதிபதி கையில குடுக்குது. அதுக்குத்தான் நீதிபதி.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஈ.சி.ஆர்.ல காலாப்பட்டு போற பஸ்ல ஏறினா ஒரே ரோட்டுல பல்கலைக்கழகம், இன்ஜினியரிங் காலேஜ், மத்திய சிறை மூணும் இருக்கு. அதே மாதிரி கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு, மனநலத் துறையோட. ஊருக்குள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவமனை. கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துல சட்டப்பணிகள் ஆணையம். போதைக்கு ஆளானவங்களுக்குச் சட்ட உதவி குடுக்கணும்னு தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2015-லயே தனித் திட்டம் போட்டுச்சு. மையங்களை அமைக்கவும் அங்கீகரிக்கவும் இதே சட்டத்தோட 71-வது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருது. எதை எடுத்தாலும் "மாநில அந்தஸ்து வரட்டும்"னு கை விரிக்கிறது நம்ம ஊர் வழக்கம். இதுக்கு மாநில அந்தஸ்தும் வேணாம், டெல்லிக்குக் காவடியும் வேணாம். ஆஸ்பத்திரி, கோர்ட், வக்கீல் எல்லாம் ஆட்டோ தூரத்துல இருக்கு. ஒண்ணோட ஒண்ணைக் கோர்க்க ஆளில்ல.

அதனால நாம கேக்க வேண்டியது பெரிய பட்ஜெட் எல்லாம் இல்ல. கஞ்சா கேஸ்ல ரிமாண்டுக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் 64ஏ பத்தி தமிழ்ல எழுதின ஒரு தாள் முதல் நாளே போய்ச் சேரணும். இலவச சட்ட உதவி வக்கீல், "ஒத்துக்கோ"ன்னு சொல்றதுக்கு முன்னாடி அதைக் கேக்கணும். எந்தெந்த மையம் அரசு அங்கீகாரம் பெற்றதுன்னு பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் ஒட்டியிருக்கணும். மறுவாழ்வு மையம்னு போர்டு மாட்டிட்டு ஆளைக் கட்டி வச்சு அடிக்கிற இடத்துல போய் மாட்டினா சிகிச்சையும் இல்ல, சட்டப் பாதுகாப்பும் இல்ல. காரைக்கால், மாஹே, ஏனாமுக்கும் இது போகணும், வழக்கம் போல மறந்துடக் கூடாது.

இன்னொண்ணு, போற போக்குல சொல்லிடுறேன். 2019-ல மத்திய சமூகநீதி அமைச்சகம் எய்ம்ஸை வச்சு ஒரு தேசிய ஆய்வு வெளியிட்டுச்சு. குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பார்த்திருக்கார். கஞ்சா மாதிரி சட்டவிரோத போதைக்கு அடிமையானவங்கள்ல 20 பேருக்கு ஒருத்தர்தான் ஆஸ்பத்திரியில படுத்து சிகிச்சை எடுத்திருக்கார். தெருவுக்குத் தெரு ரெஸ்டோ பார் திறந்து வச்சு அதுல வர்ற வரியை எண்ணுற ஊர் நம்ம ஊர். அந்த வரியில ஒரு பங்கைச் சிகிச்சை வார்டுக்கு ஒதுக்குன்னு கேட்டா யாரும் நம்மளைத் தப்பா சொல்ல முடியாது.

என் ஜூனியர் இப்ப என்ன பண்றான்னு கேப்பீங்க. போன மாசம் அவங்க அம்மாவும் நானும் சேர்ந்து ஒருவழியா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். மூணு தடவை போயிருக்கான், நாலாவது தடவை வரல. திரும்பக் கூப்பிட்டிருக்கேன்.

உங்க வீட்டுல, தெருவுல இப்படி யாராவது இருந்தா கைது வரைக்கும் காத்திருக்காதீங்க. 14446 தேசிய போதை மீட்பு உதவி எண், இலவசம். ஏற்கெனவே கேஸ் இருந்தா, ஒத்துக்கிறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட "64ஏ மனு போடலாமா"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா கடலூர் சாலை கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணையம் இருக்கு. அங்க தனியா போகத் தயக்கமா இருந்தா நம்ம வார்டு நிர்வாகிகிட்ட சொல்லுங்க, கூட ஒரு ஆள் வருவாங்க.

அடுத்த தடவை கைது செய்தி போடும்போது எத்தனை கிராம்னு சேர்த்தே போடுறேன். பார்த்துட்டு கமெண்ட் பண்ணுங்க.

— ஐ.டி. விங், புதுச்சேரி
#64ஏ_எங்கே