முதலில் பணம், பிறகு பயணச்சீட்டு

மார்கழி இசை விழாவுக்கு மும்பையிலிருந்து சென்னை செல்வது, வங்கிப் பணியிலிருக்கும் நண்பர்களாகிய எங்கள் அறுவரின் நெடுநாள் விருப்பம். சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஏற்பாடு செய்தோம். ரயில் கட்டணம், விடுதி முன்பணம் அனைத்தையும் ஒருவரே தம் கடன் அட்டையில் செலுத்தினார். புறப்படும் வாரத்தில் இருவர் விலகினர். அவர்களுடைய பங்கைக் கேட்க அவருக்குக் கூச்சம். கேட்காததால் அவர்களுக்கு மறதி. இழப்பு சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் ஓராண்டுக் காலம் அம்மூவரும் மனம்விட்டுப் பேசவில்லை. ஊரார் கணக்கை நாள்தோறும் சரிபார்க்கும் நாங்கள், எங்கள் கணக்கை எழுதி வைக்கவில்லை.

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது பழமொழி. குழுவாகச் செல்வோர் பணத்தை முதலில் சேர்த்துவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு தொடங்குகிறது. எனவே டிசம்பர்ப் பயணத்துக்கு அக்டோபரில் பணம் தேவை. ஏப்ரல் தொடங்கி ஆறு மாதங்கள், ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே மாதம் 2,000 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால் தலைக்கு 12,000 ரூபாயும் வட்டியும் சேரும். விலகுவோர் ஏற்க வேண்டிய தொகையையும் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுதல் நலம். சபாக்கள் பலவற்றில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணமில்லை. மாலைக் கச்சேரிகளுக்கு மட்டும் தொகை ஒதுக்கினால் போதும்.

சென்ற ஆண்டு இம்முறையிலேயே சென்றோம். அறுவரும் ஒரே வரிசையில் அமர்ந்து கேட்டோம்.